பெயரைத் தேடாதீர்கள், எண்ணைத் தேடுங்கள்: போரில் இறந்த என் தாத்தாவைக் கண்டுபிடித்த கதை

என் அப்பாவைப் பெற்றவர் 1944-ல் போரில் இறந்துபோனார். மதுரைக்குத் தெற்கே டி.கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் காட்டுக் கிராமம் எங்களுடையது. "பட்டாளத்துக்குப் போனார், பர்மா சண்டையில் குண்டு பட்டுச் செத்தார்" என்ற ஒற்றை வரிக்கு மேல் அவரைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. எந்தப் படையில் இருந்தார், எந்த ஊரில் இறந்தார், என்றைக்கு, எங்கே எரித்தார்கள் அல்லது புதைத்தார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. அப்பா இறந்த பிறகு நான் இதைத் தேட ஆரம்பித்தேன். பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன், நேரம் இருந்தது. தேடி முடிக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கையிலிருந்து ஒரு லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகப் போயிற்று, அதில் கணிசமான பகுதி போகவே வேண்டாத பணம். வழி தெரிந்த ஒருவர் முதல் நாளே பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அப்படி யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. தென் மாவட்டங்களில் இப்படி ஒரு மனிதரைப் போரில் தொலைத்த வீடுகள் நிறைய இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் இவ்வளவையும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் இறந்த கதை மட்டும் பேசப்பட்டு, வாழ்ந்த இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் மறந்துபோனது எனக்குப் பெரிய குறையாகவே இருந்தது. தாத்தா கிணறு வெட்டுகிறவர். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி, பருத்தியும் சோளமும்தான். கிணற்றுத் தண்ணீர் வேண்டுமென்றால் கரிசலுக்குக் கீழே சுக்கானையும் பாறையையும் உடைத்தாக வேண்டும். பாறையில் சம்மட்டியால் தமர் அடித்து, துளைக்குள் கருமருந்தைக் கெட்டித்து, திரி வைத்துப் பற்றவைத்துவிட்டு மேலே ஏறி ஓடிவருகிற வேலை அவருடையது. திரியைப் பற்றவைத்த பிறகும் பதறாமல் படி படியாக ஏறிவருவாராம். என் பெரிய அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, இதை அப்பத்தா வாயால் கேட்டதாகச் சொல்வார். மழை பொய்த்து, கிணறு வெட்டச் சொல்லவும் ஊரில் ஆளில்லாத ஒரு கோடையில், திருமங்கலத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்ப் பெயர் கொடுத்துவிட்டார். அது 1942. அத்தைக்கு அப்போது இரண்டு வயது, அப்பா வயிற்றில்.

அந்தக் காலத்தை இப்போது நினைத்துப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. 1940-ல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் டி.கல்லுப்பட்டியில் ராட்டையும் கதருமாக இருந்தது. 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டம் மதுரையைக் கலக்கியது. அதே வட்டாரத்துப் பிள்ளைகள்தான் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். தென்னாட்டுக்காரர்கள் சண்டைக்கு லாயக்கில்லை, வடக்கே சில குலங்கள்தான் போர்க்குலங்கள் என்று முடிவு கட்டி, பழைய மதராஸ் காலாட்படையை இரண்டு போர்களுக்கும் இடையில் கலைத்துவிட்டவர்களும் அதே ஆங்கிலேயர்கள்தான். இரண்டாம் போர் பெரிதானதும் ஆள் தேவைப்பட்டது, மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுப்பப்பட்டது. அந்தப் போரில் இந்தியாவிலிருந்து 25 லட்சம் பேர் சேர்ந்தார்கள். கட்டாயம் இல்லாமல் திரண்ட படைகளில் அவ்வளவு பெரியது உலகில் வேறில்லை என்று எழுதுகிறார்கள். கட்டாயம் இல்லை என்பது உண்மைதான், பசி இருந்தது. என் தாத்தாவை தேசத்துரோகி என்று சொல்லவும் நான் தயாரில்லை, ராஜவிசுவாசி என்று சொல்லவும் தயாரில்லை. மாதம் பிறந்தால் அப்பத்தாவுக்கு மணியார்டர் வந்தது. அதில்தான் அப்பா பிறந்தார்.

தேடலை ஆரம்பித்தபோது வீட்டில் ஒருவருக்கும் இதில் ஈடுபாடு இல்லை. "செத்து எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆனவரைத் தேடி என்ன கிடைக்கப்போகிறது?" என்று தம்பி கேட்டான். என் கணவர் தடுக்கவில்லை, உடன் வரவும் இல்லை. என்னை உறுத்திக்கொண்டிருந்தது ஒன்றுதான். அப்பா ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அதுதான் வழி. தொண்ணூறுகளில் ஒருமுறை, "எங்கப்பன் செத்த நாள்கூடத் தெரியாமல் நானும் போய்விடுவேன்" என்று சொன்னார். அதுபோலவே போய்விட்டார்.

இங்கே முதல் எச்சரிக்கை. நான் விசாரிக்கிற செய்தி காதோடு காதாகப் பரவி, மதுரையில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் வாரிசுகளுக்கு லண்டனிலிருந்து பல லட்சம் நிலுவைத் தொகை வரவேண்டியிருக்கிறது என்றும், ஆவணங்களைத் தானே எடுத்துத் தந்து கோரிக்கை மனுவும் போட்டுத் தருவதாகவும் சொன்னார். எனக்குப் பணம் வேண்டாம், ஆவணம் போதும் என்றேன். ஆவணத்துக்கு மட்டும் என்று சொல்லி, தவணை தவணையாக இருபத்திரண்டாயிரம் ரூபாய் வாங்கினார். கடைசியில் ஆங்கிலத்தில் முத்திரை குத்திய ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் தாத்தாவின் பெயர் நான் சொன்ன அதே எழுத்துகளில் இருந்தது, இறந்த இடம் என்று பர்மா மட்டும் இருந்தது. நான் அவருக்குச் சொன்னதைத் தவிர அதில் ஒரு சொல்கூட அதிகமாக இல்லை. பிறகு அவருடைய கைபேசி அணைந்துவிட்டது. பணம் போனதைவிட, அந்தத் தாளை அத்தையிடம் காட்டி அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. யாராவது இப்படி வந்தால், எந்த அரசாணையின்படி அந்தத் தொகை வருகிறது, அதன் நகலைக் கொடுங்கள் என்று கேளுங்கள். கொடுக்க மாட்டார்கள். நான் கீழே சொல்லப்போகும் இணையத் தேடலுக்கு ஒரு பைசாக்கூடக் கட்டணம் கிடையாது.

உண்மையான ஆரம்பம் எங்கள் வீட்டுப் பரணிலேயே இருந்தது. அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் நைந்துபோன ஒரு சேலைக்கு அடியில், நான்காக மடித்த பென்ஷன் தாள் ஒன்று கிடந்தது. மடிப்புகளில் கிழிந்து, ஓரங்கள் கறையான் தின்று, நடுவில் மட்டும் எழுத்து பிழைத்திருந்தது. கீழே ஊதா மையில் அப்பத்தாவின் இடது பெருவிரல் ரேகை, கொஞ்சம் வழுக்கிப்போய், ஒரு பக்கம் தடித்து. மேலே தட்டச்சில் ஓர் எண், படைப்பிரிவின் சுருக்கெழுத்து, பிறகு தாத்தாவின் பெயர். ராணுவம் அவருக்குக் கொடுத்த சேவை எண் அது, அதுதான் எல்லாக் கதவுக்கும் சாவி என்று அப்போது எனக்குத் தெரியாது. பெயரைத்தான் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பத்தா 1986-ல் இறக்கும்வரை திருமங்கலம் கஜானாவுக்குப் போய் அந்தப் பென்ஷனை வாங்கினார். வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதற்கான சான்றும் கொடுத்தார். அந்த எண் அவருடைய வாழ்நாளெல்லாம் இடுப்பு முடிப்பில் இருந்திருக்கிறது.

ஆகவே எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன் வீட்டைத் துழாவுங்கள். பென்ஷன் தாள், மணியார்டர் துண்டு, தந்தி, பட்டாளத்திலிருந்து வந்த கடிதம், பதக்கம், குழுவாக நின்று எடுத்த படம், எதுவானாலும் சரி. முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் எண், பெயர், படைப்பிரிவு மூன்றையும் பொறித்திருப்பார்கள். இரண்டாம் போரின் நட்சத்திரப் பதக்கமாக இருந்தால் திருப்பிப் பாருங்கள், எழுத்து இருந்தாலும் இருக்கும். பர்மா ஸ்டார் இருந்தால் எந்தப் போர்முனை என்றாவது தெரியும். பழைய கடித உறைகளில் தணிக்கைக்காக ஊர்ப் பெயர் இருக்காது, ஆனால் களத் தபால் நிலையத்தின் எண் முத்திரையில் இருக்கும். அந்த எண் எந்தக் காலத்தில் எந்த இடத்தில் இயங்கியது என்பதைத் தபால்தலை சேகரிப்பவர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். எனவே தபால்தலை அழகாக இருக்கிறது என்று உறையை வெட்டிவிடாதீர்கள். வீட்டில் எதுவும் இல்லையென்றால் பெரியவர்களிடம் பேசுங்கள், அதையும் இன்றே செய்யுங்கள். "என்ன வேலை செய்ததாகக் கடிதத்தில் எழுதினார்?" என்று கேளுங்கள். பாலம் கட்டியதாகச் சொன்னால் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை, கோவேறு கழுதையோடு போனதாகச் சொன்னால் சரக்கு கொண்டுபோகும் சர்வீஸ் கோர், மண் வெட்டிச் சாலை போட்டதாகச் சொன்னால் பயனியர் கோர் என்று ஓரளவு ஊகிக்கலாம். என் அத்தை, "பெங்களூரில் பாலம் கட்டப் பழக்கினார்களாம், வெடி வைக்கத் தெரிந்தவர் என்று அவரைத் தனியாக எடுத்தார்களாம்" என்று சொன்னார். தாளில் இருந்த சுருக்கெழுத்தும் அதையே சொன்னது. அவர் சேர்ந்தது மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பொறியாளர் படை. இன்றைக்கு அது மதராஸ் எஞ்சினியர் குரூப், தலைமையகம் பெங்களூரு. அந்தப் படையின் வீரர்களைத் தலைமுறை தலைமுறையாகத் "தம்பி" என்றே அழைக்கிறார்கள். கிணற்றுப் பாறையை உடைத்தவரை அவர்கள் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்து, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். இரண்டு உலகப் போர்களிலும் இறந்த பதினேழு லட்சம் பேரின் பதிவுகள் அதில் உள்ளன, இரண்டாம் போரில் இறந்த இந்தியப் படையினர் சுமார் 87,000 பேரும் அதில் அடக்கம். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். ஆனால் நம் பெயரை நாம் எழுதுகிற எழுத்தில் தேடினால் ஒன்றும் வராது. கருப்பன் என்ற பெயரை வெள்ளைக்கார எழுத்தர் கே போட்டும் எழுதியிருப்பார், சி போட்டும் எழுதியிருப்பார், ஒரு பி, இரண்டு பி, இடையில் யூ இருந்தும் இல்லாமலும் எழுதியிருப்பார். நான் பல வாரங்கள் இப்படியே மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தேன். அதே பெயரில் எத்தனையோ பேர் வந்தார்கள், ஒவ்வொருவரும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. இரவில் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தூங்கப் போனால் தூக்கம் வராது.

வழி இதுதான். விரிவான தேடல் பகுதிக்குப் போய், படை என்ற இடத்தில் இந்திய ராணுவத்தைத் தேர்ந்தெடுங்கள். சேவை எண் கையில் இருந்தால் அதை இடுங்கள், வேலை முடிந்தது. எண் இல்லையென்றால் கூடுதல் தகவல் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ஊரைத் தேடுங்கள். பல பதிவுகளில் இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர், இந்த ஊர் என்று ஒரு வரி இருக்கிறது. மதுரையை அப்போதைய ஆங்கில வழக்கப்படி "மதுரா" என்று, ஐ எழுத்து இல்லாமல் தேட வேண்டும். திருமங்கலத்துக்கு முதலில் டி மட்டும்தான், எச் கிடையாது. இன்றைய தேனி, திண்டுக்கல் மாவட்டத்து ஊர்களெல்லாம் அப்போது மதுரா மாவட்டம்தான், அந்தப் பக்கத்துக்காரர்களும் அப்படியே தேட வேண்டும். கிராமத்தின் பெயர் சிதைந்துபோயிருக்கலாம், தாலுகாவின் பெயர் பெரும்பாலும் பிழைத்திருக்கும். எல்லாப் பதிவிலும் இந்த வரி இருக்காது, வெறும் எண்ணும் பெயரும் தேதியும் மட்டும் உள்ளவர்கள் ஏராளம். அங்கேதான் எண் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது.

நான் எண்ணை இட்டுத் தேடியபோது ஒரே ஒரு பதிவு வந்தது. தாத்தாவின் பெயர் நான் கனவிலும் நினைக்காத எழுத்துகளில் இருந்தது, அந்த எழுத்துக் கோவையை நான் ஒருமுறைகூட முயன்றிருக்கவில்லை. அதற்குக் கீழே, திருமங்கலம், மதுரா, இந்தியா என்ற ஊரைச் சேர்ந்த இன்னாருடைய கணவர் என்று அப்பத்தாவின் பெயர். கையெழுத்துப் போடத் தெரியாத அப்பத்தாவின் பெயர் கடல் தாண்டி ஒரு பதிவேட்டில் இத்தனை காலமாக இருந்திருக்கிறது. வாய்விட்டு அழுதேன். பக்கத்து அறையிலிருந்து என் கணவர் ஓடிவந்து என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார். தேதி 1944 ஜூலை. இடம் பர்மா இல்லை, இம்பால். இம்பால் தகன நினைவுச் சின்னத்தில் அவர் பெயர் இருக்கிறது என்று பதிவு சொன்னது. அங்கே எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 868 பேரின் பெயர்கள் அந்தச் சின்னத்தில் உள்ளன. ஒரு பதிவு கிடைத்ததும் அதோடு இணைத்திருக்கும் பழைய ஆவணங்களின் படங்களையும் தரவிறக்கிக்கொள்ளுங்கள், நினைவுச் சான்றிதழ் ஒன்றையும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம்.

எப்படி இறந்தார் என்று அந்தத் தளத்தில் இருக்காது. அதற்குப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். நேரில் போய் நின்று பயனில்லை, அவை ராணுவ வளாகங்களுக்குள் இருப்பவை. பதிவுத் தபாலில் ஒரு மனு போதும். எண், பெயரின் எல்லா எழுத்து வடிவங்களும், இறந்த தேதி, உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு, அதற்குச் சான்றின் நகல், இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் உறவைக் காட்டாவிட்டால் மூன்றாம் நபரின் தகவல் என்று திருப்பிவிடுவார்கள். அந்த உறவுச் சான்றைப் பெறத்தான் நான் அதிகமாக அலைந்தேன். ஓர் அலுவலகத்தில், இறப்புச் சான்று இல்லாதவருக்கு வாரிசு எப்படித் தருவது என்று கேட்டார்கள். 1944-ல் இம்பாலில் இறந்த சிப்பாய்க்கு எந்தக் கிராம நிர்வாக அலுவலர் இறப்புச் சான்று எழுதியிருப்பார்? போர்க் கல்லறை ஆணையத்தின் சான்றிதழையும் அப்பத்தாவின் பென்ஷன் தாளையும் ஒன்றாகக் காட்டிய பிறகுதான் கோப்பு நகர்ந்தது. மாதக்கணக்கில் போயிற்று. இந்த இரண்டையும் முதல் நாளே கொண்டுபோங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேளுங்கள். ராணுவ மொழியில் மனு எழுதுவது எப்படி என்று அங்கே இருந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஷீட் ரோல் என்ற முழுச் சேவைக் குறிப்பு பல ஆண்டுகள் கடந்தால் அழிக்கப்பட்டுவிடும், லாங் ரோல் என்ற நிரந்தரப் பதிவேட்டில் சில வரிகள் இருக்கும், அதைக் கேளுங்கள் என்று சொன்னவரும் அவர்தான். லாங் ரோல் என்று பெயர் குறிப்பிட்டுக் கேட்டேன், பதில் வந்தது.

பதில் மூன்றே வரி. சேர்ந்த தேதி, படை எண், பிறகு கள மருத்துவமனையில் டைபஸ் நோயால் மரணம். குண்டு பட்டு இறக்கவில்லை. இதற்கு நான் தயாராக இல்லை. அத்தைக்கு இதை எப்படிச் சொல்வது என்று பல நாள் தயங்கினேன். குண்டடிபட்டுச் செத்த வீரன் மகள் என்ற பெருமையோடு எண்பது வயதைத் தாண்டியவர். இதைப் படிக்கிறவர்கள் மனத்தை முன்கூட்டியே தயார்படுத்திக்கொள்ள வேண்டும். பதிவேடு வீட்டுக் கதையை உறுதிப்படுத்தும் என்று நினைக்காதீர்கள். நோய், விபத்து, ஆற்றில் மூழ்கியது, காணாமல் போனது என்று எதுவும் இருக்கலாம்.

சொல்லும் முன் கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்டேன், அது நல்லதாயிற்று. 1944 மார்ச்சில் படையெடுத்த ஜப்பானியர் ஏப்ரல் தொடக்கத்துக்குள் இம்பாலையும் கோஹிமாவையும் வளைத்தார்கள். தரைவழி அடைபட்டு, இம்பால் சமவெளியில் இருந்தவர்களுக்கு அரிசி முதல் வெடிமருந்து வரை ஆகாய விமானத்தில்தான் போயிற்று. ஜூன் 22 அன்று கோஹிமா சாலை மீண்டும் திறந்தது. அதோடு சண்டை முடியவில்லை. பின்வாங்கிய ஜப்பானியரைக் கொட்டும் மழையில், இம்பாலிலிருந்து பர்மாவுக்குப் போகும் திட்டிம் சாலையிலும் தாமு சாலையிலும் துரத்திக்கொண்டு போனார்கள். சரிந்த மலைச் சாலைகளை வெட்டித் திறக்கவும், ஓடைகளுக்குப் பாலம் போடவும், கண்ணிவெடி எடுக்கவும் முன்னால் போனவர்கள் சாப்பர்கள். அந்தப் புல்காட்டில் இருக்கும் சின்னஞ்சிறு பூச்சி கடித்து வருவதுதான் ஸ்க்ரப் டைபஸ். நம் ஊரில் இப்போது உண்ணிக் காய்ச்சல் என்று சொல்கிறார்களே, அதேதான். இன்றைக்கு டாக்ஸிசைக்கிளின் மாத்திரையில் குணமாகிறது, அன்றைக்கு அதற்கு மருந்தே கிடையாது. பர்மா முனையில் நோய்தான் பெரிய எதிரி. 1943-ல் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் 120 பேர் நோயால் வெளியேற்றப்பட்டார்கள். அதே 1944 டிசம்பரில் கலேவாவில் சிந்துவின் ஆற்றின் மேல் 1,154 அடி நீளத்துக்கு, இரும்புச் சட்டங்களைக் கோத்து அமைக்கும் பெய்லி பாலம் போட்டார்கள், அன்றைக்கு உலகிலேயே நீளமான பெய்லி பாலம். அந்தப் படை அங்கே போய்ச் சேர்ந்த சாலையைச் செப்பனிட்டவர்களில் என் தாத்தாவும் ஒருவர் என்றே நம்புகிறேன்.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காய்ச்சலில் கிடந்தபோது தண்ணீர் கொடுக்க ஆள் இருந்திருக்குமா?" என்று கேட்டார். மருத்துவமனையில் இருந்தார் என்று எழுதியிருக்கிறது, ஆள் இருந்திருப்பார்கள் என்றேன். "அப்படியென்றால் காட்டில் அநாதையாகக் கிடக்கவில்லை" என்றார். குண்டு பட்டுக் கிடந்த உடலை யார் எடுத்தார்கள், நரி இழுத்ததா என்று சிறுவயது முதல் அவர் மனத்தில் ஒரு கேள்வி இருந்திருக்கிறது, யாரிடமும் சொன்னதில்லை. நான் பயந்த செய்திதான் அவருக்கு ஆறுதலாக அமைந்தது. தேதியைச் சொன்னதும், பழைய பஞ்சாங்கம் பார்த்துத் திதி குறிக்கச் சொன்னார். ஆடி அமாவாசையையும் விடக்கூடாது, இதையும் செய்ய வேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு.

2022 டிசம்பரில் நான் தனியாக இம்பாலுக்குப் போனேன். மதுரையிலிருந்து நேராக விமானம் கிடையாது, சென்னை, கொல்கத்தா மாறித்தான் போக வேண்டும். தங்குவதும் சேர்த்து நாற்பதாயிரத்துக்கு மேல் ஆயிற்று. மணிப்பூருக்குள் நுழைய 2020 முதல் உள்நுழைவு அனுமதிச் சீட்டு தேவை, ஆன்லைனில் எடுக்கலாம், இம்பால் விமான நிலையத்திலும் தருகிறார்கள். 2023 மே மாதத்தில் வெடித்த இனக் கலவரத்துக்குப் பிறகு அங்கே நிலைமை மாறிவிட்டதால், இப்போது போக நினைப்பவர்கள் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். இன்னொன்று முக்கியம். இம்பாலில் இரண்டு போர்க் கல்லறைகள் இருக்கின்றன. ஆட்டோக்காரர்களுக்குத் தெரிந்தது சுற்றுலாப் பயணிகள் போகும் பெரிய கல்லறை. என்னையும் அங்கேதான் கொண்டுபோய் இறக்கினார்கள். வரிசை வரிசையாக வெள்ளைக்காரப் பெயர்களைப் பார்த்துத் திகைத்து நின்றேன். தகன நினைவுச் சின்னம் இருப்பது இந்திய ராணுவப் போர்க் கல்லறையில், அது தனி இடம். அந்தப் பெயரைத் தெளிவாகச் சொல்லிப் போங்கள். இத்தகைய சின்னங்களில் பெயர்கள் படைப்பிரிவு வாரியாகவும், அதற்குள் பதவி வாரியாகவும், அதன் பிறகுதான் அகர வரிசையிலும் இருக்கும். சாப்பர்ஸ் பகுதியைக் கண்டுபிடித்து, கீழ்ப்பதவிக்கு இறங்கி வந்தால் பெயர் கண்ணில் பட்டுவிடும். எனக்குப் பட்டது. எங்கள் ஊர்க் கரிசல் மண்ணில் ஒரு பிடி கொண்டுபோயிருந்தேன். அவர் பெயருக்கு மேலும் கீழும் இருந்த பெயர்களையும் வாய்விட்டுப் படித்தேன். அவர்களைத் தேடி யாராவது வந்தார்களோ என்னவோ.

அங்கே தங்கியிருந்தபோது சந்தையில் ஒரு கடைக்காரர் என் கைபேசிப் பேச்சைக் கேட்டுவிட்டுத் தமிழில், "எந்த ஊரும்மா?" என்றார். மோரேயிலிருந்து வந்தவர். பர்மாவிலிருந்து அறுபதுகளில் வெளியேறிய தமிழர்களின் பிள்ளைகள் அந்த எல்லை ஊரில் கோயில் கட்டிக் குடியிருக்கிறார்கள். தாத்தாவின் படை மழையில் நடந்த தாமு சாலை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. அவர்தான் மொய்ராங்குக்கும் போய்வாருங்கள் என்றார். 1944 ஏப்ரல் 14 அன்று இந்திய தேசிய ராணுவம் கொடியேற்றிய இடம் அது, இம்பாலிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். அதே மலைகளில், அதே மழையில், அதே காய்ச்சலில் இரண்டு பக்கமும் நம் ஆட்கள் செத்திருக்கிறார்கள். மொய்ராங்கில் நின்றபோது எனக்கு ஒரு பக்கத்துக்காக மட்டும் அழத் தெரியவில்லை. உங்கள் வீட்டுக்காரர் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டவராக இருந்தால், அவர் பிறகு எந்தப் பக்கம் போனார் என்பதையும் பார்க்க வேண்டும். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்திய தேசிய ராணுவக் கோப்புகள் இருக்கின்றன.

மற்ற போர்களைப் பற்றியும் நான் அறிந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரில் மெசபொடேமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, போனவர்களை பாஸ்ரா நினைவுச் சின்னத்தின் பட்டியலில் தேட வேண்டும். அந்தச் சின்னத்தில் இந்தியச் சிப்பாய்களின் பெயரைப் பொறிக்காமல் எண்ணிக்கையை மட்டும் பொறித்தார்கள், அந்த அநீதியை ஆணையமே 2021-ல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஆகவே கல்லில் பெயர் இல்லை என்று சோர்ந்துவிடாமல் இணையப் பதிவேட்டைப் பாருங்கள். பர்மாவில் இறந்து உடல் கிடைக்காதவர்கள் யாங்கூனுக்கு வடக்கே தாவ்க்யானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருப்பார்கள், சுமார் 27,000 பெயர்கள். மலேயா, சிங்கப்பூர்ப் போரில் அப்படிப் போனவர்கள் கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தில். சுதந்திரத்துக்குப் பிறகு 1962, 1965, 1971 போர்களில் இறந்தவர்களின் பெயர்கள் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த டெல்லி தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் உள்ளன.

கடைசியாக ஒரு வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. தாத்தாவின் பதிவில் வயதும் தந்தை பெயரும் இல்லை, பெயரின் எழுத்தும் சிதைந்திருக்கிறது. ஆதாரம் காட்டினால் ஆணையம் திருத்துகிறது. பென்ஷன் தாளின் படத்தையும் ஆவண அலுவலகத்தின் பதிலையும் அனுப்பிவிட்டேன். அசல் எதையும் அனுப்பாதீர்கள், நல்ல வெளிச்சத்தில் இரு பக்கமும் படமெடுத்து அனுப்பினால் போதும். அப்பத்தாவின் தாளை நெகிழி உறையில் போட்டு வைத்திருந்தேன், ஈரம் கோத்து ரேகை மங்கத் தொடங்கியது, பிறகு அமிலமில்லாத தாளுக்கு இடையில் மாற்றிவிட்டேன். பட்டியலில் தேடும்போது திருமங்கலம் தாலுகா என்று போட்டிருந்த மற்றவர்களையும் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். அவர்களுடைய எண்ணும் தேதியும் என்னிடம் இருக்கின்றன. பேரையூர்ப் பக்கத்து ஊர்களுக்கு ஒவ்வொன்றாகப் போய் அந்த வீடுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை இரண்டு வீடுகள் கிடைத்திருக்கின்றன.